செருப்புக்குக் காவல்

எனக்கு எட்டு வயதில் அப்பா ஒரு செருப்பு வாங்கித் தந்தார். எங்கள் கடற்கரையில் அப்போது பெண்பிள்ளைகள் காலில் செருப்பைப் பார்ப்பது அரிது. மணலில் அழுக்காகிவிடும் என்று கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்தச் செருப்பை நினைத்து வெகுகாலமாயிற்று. போன வருஷம் மால்டா தீவில்தான் மறுபடி ஞாபகம் வந்தது.

மகள் அயர்லாந்தில் நர்ஸ். லீவு கிடைத்ததும் நான்கு நாளைக்கு என்னை அந்தத் தீவின் தலைநகரமான வலேட்டாவுக்குக் கூட்டிப் போனாள். பழைய ஊர், சின்ன ஊர். தெருவெல்லாம் படிக்கட்டு, தெருக்கோடியிலெல்லாம் கடல், நாலு எட்டுக்கு ஒரு மாதா கோவில். நம்ம ஊரைப் போலத்தானே இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். அதுதான் வினை.

மூன்றாம் நாள் ஒரு கோவில் வாசலில், "அம்மா, நீ உள்ள ஜெபிச்சிட்டு இரி. நான் துறைமுகத்துல போட்டுக்கு டிக்கெட் எடுத்திட்டு ஓடி வாறேன்" என்று மகள் போனாள். நான் செருப்பைப் படியோரம் கழற்றிவிட்டு, முக்காடு போட்டு உள்ளே போனேன். ஜெபமாலை முடித்து வெளியே வந்தால் செருப்பைக் காணோம். மகளையும் காணோம். என் போன் அவளிடம் இருந்தது. பலகை எழுத்து ஒன்றும் புரியவில்லை. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். வெறுங்காலோடு நின்ற என்னைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரி காசு நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கீழே துறைமுகம் தெரிந்தது. போய்த் தேடலாம் என்று கால் பரபரத்தது. இரண்டு படி இறங்கியும் விட்டேன். நான் போனபிறகு அவள் இங்கே வந்தால்? திரும்ப ஏறி, செருப்புக் கிடந்த இடத்திலேயே, தோள்பை வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். எதுவும் அவள் தலையில்லை.

அப்போதுதான் எட்டு வயதில் அந்தப் புதுச்செருப்போடு போன கோட்டாற்றுக் கோவில் திருநாள் நினைவுக்கு வந்தது.

அன்று கோவில் கூட்டத்தில் அம்மாவின் கை நழுவிப் போயிற்று. வேறு வாசல் வழியாக வெளியே வந்து, வளையல்கடை, மிட்டாய்க்கடை என்று அலைந்தேன். அழவில்லை, அழுதால் பிள்ளைபிடிக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான் என்று பயம். வெயில் தாழ்கிற நேரத்தில், படியோரம் விட்டுவந்த செருப்பு ஞாபகம் வந்தது. அம்மாவைத் தேடி ஓடவில்லை, செருப்பைத் தேடித்தான் ஓடினேன்.

அங்கே அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் என் செருப்பு, வார் அவள் கைக்குள். அப்பா ஊரெல்லாம் ஓடித் தேடிக்கொண்டிருக்கிறார். இவள் இங்கே இருக்கிறாள்.

"ஏட்டி, உங்கம்ம உச்சைவெயில்லேருந்து எழும்பல்ல. தேரு கூட பாக்கல்ல" என்றாள் மெழுகுதிரி விற்கிறவள்.

எனக்குக் கோபம் வந்தது. "நான் காணாம போயிருக்கேன், நீ செருப்புக்குக் காவல் இருக்கியா?"

அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். செருப்பைப் பிடுங்கினால் வாரெல்லாம் ஈரம். "புதுச்செருப்ப தண்ணியில போட்டியா?" என்று அதற்கும் ஒரு சண்டை. வளர்ந்தபிறகும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்கவைப்பேன், எங்கம்மைக்கு மகளைவிடச் செருப்புதான் பெரிசு என்று. அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

மகள் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். கோவிலுக்குள் வந்து பார்த்திருக்கிறாள். தூண் மறைவில் முழங்காலில் நின்ற என்னைக் காணாமல் துறைமுகம் வரை ஓடியிருக்கிறாள்.

"எங்கம்மா போன? உயிரே போச்சு. செருப்ப எங்க?"

"வெளிய கழத்தி இட்டேன்."

"இங்க ஆராவது கோவிலுக்கு செருப்பு கழத்துவாவளா? குப்பைண்ணு வாரிட்டு போயிருப்பாவ. அதுக்கு இப்பிடி சும்மா நின்னுட்டே இருந்தியா? தேடி வரப்பிடாதா?" என்றபடி என் தோளிலிருந்து பையை வாங்கினாள். "வாரெல்லாம் ஈரமா இருக்கே. தண்ணி சிந்திட்டியா?"

உள்ளங்கை வேர்வையை முக்காட்டில் துடைத்தேன். அன்று அம்மா இதற்குப் பதில் சொல்லவில்லை.

"ஆமா மக்கா, சிந்திப்போச்சு" என்றேன்.