முழந்தாளிட்ட வரிசை

அனுமந்தன்பட்டி மாதா கோவிலில் அப்போது நான் உபதேசியார். கள்ளுக்கடை மறியலுக்கு எங்கள் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனவனும் நான்தான். மற்ற ஊர்க்காரர்கள் கைகோத்து நின்று மறித்தார்கள். எனக்கு அது போதவில்லை. சேசுவின் பிள்ளைகள் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டாமா? தடியை ஓங்கினால் ஓடக்கூடாது, ஏசக்கூடாது, பூசையில் செய்வதுபோல முழந்தாளிட்டுத் தலைகுனிய வேண்டும் என்று பழக்கியிருந்தேன்.

போலீஸ் தடியை ஓங்கியதும் எங்கள் வரிசை முழுக்கச் சட்டென்று முழந்தாளிட்டது. என்ன அழகு என்றுதான் அந்தக் கணத்தில் நினைத்தேன். நின்றவர்களுக்குத் தோளில் விழுந்த அடி, முழந்தாளிட்டவர்களுக்கு மண்டையில் விழுந்தது. செபத்தை நடத்துகிறவன் நிற்பதுதானே வழக்கம், நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் தோளில்தான்.

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற ஒருவருக்கு ஒரு கண் போய்விட்டது. அவர் வீட்டுக்குப் போனேன். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ கட்டுப் போட்ட தலையைத் தூக்கி, "உபதேசியாரே, கடைசி வரைக்கும் நான் எந்திரிக்கலைல்ல?" என்று கேட்டார்.

"எந்திரிக்கலய்யா" என்றேன்.

"நீங்களும் பக்கத்துலதான முட்டி போட்டிருந்தீக?"

தலைகுனிந்திருந்தவர் எதைப் பார்த்திருப்பார்? ஆமாம் என்றேன்.