நாத்தனார்-மூன்று

வீட்டில் அவளுக்குத் தொணதொணப்பு என்று பெயர். பள்ளியில் கணினிப் பாடம் நடத்துகிறவள். ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள். அவளுடைய நாத்தனாருக்குக் கண் தெரியாது. பதிவு அலுவலகத்தில் எழுத்தர். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் காதில் மாட்டிக்கொண்டு வேலையை வெளுத்துக் கட்டுவாள்.

அலுவலகத்தில் படிவங்களை மாற்றியதும் அந்த மென்பொருள் வாயை மூடிக்கொண்டது.

"ஒண்ணாம் தேதிக்குள்ள சரியாகலைன்னா கண் தெரியாத எங்க அஞ்சு பேரையும் கவர் ஒட்டுற வேலைக்கு மாத்திடுவாங்க அண்ணி," என்று நாத்தனார் அழுதாள்.

தொணதொணப்பு இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கோளாறைச் சரிசெய்து, அந்தத் திருத்தத்துக்கு 'நாத்தனார்-மூன்று' என்று பெயரும் வைத்தாள். முதல் இரண்டும் புட்டுக்கொண்டன என்பது வேறு கதை. நாத்தனாரின் கணினி பேசியது. மற்ற நால்வருக்கு? மென்பொருள் நிறுவனத்தார் உரிமத்தில் ஆப்பு வைத்திருந்தார்கள்: உனக்கு வேண்டுமானால் திருத்திக்கொள், அடுத்தவருக்குக் கொடுக்காதே. மீறினால் அலுவலகம் முழுக்க மென்பொருள் ரத்து.

திருத்தத்தையும் இணைத்து எல்லாருக்கும் கொடுக்க அனுமதி கேட்டு நிறுவனத்துக்குப் பதினோரு மின்கடிதம் போட்டாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதினோரு பதில் வந்தது. சரி, நேரிலேயே போய் உயிரை எடுக்கலாம் என்று நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"யார் வேணா திருத்தி யாருக்கு வேணா கொடுக்கலாம்னு திறந்துவிட்டா போட்டிக் கம்பெனி அள்ளிட்டுப் போயிடுமேம்மா!" என்றார் மேலாளர்.

"அள்ளட்டும் சார். அவங்க திருத்தறதையும் எல்லாருக்கும் கொடுத்தே ஆகணும்னு உரிமத்துலயே எழுதிடுங்க."

மேலாளர் பக்கத்திலிருந்த சட்ட ஆலோசகியைப் பார்த்தார். அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். அப்போது நாத்தனார் திடீரென்று அண்ணியின் கையைக் கிள்ளினாள்.

"அண்ணி! பக்கத்து ரூம்ல யாரோ போன்ல சொல்றாங்க, கேளுங்க."

தடுப்புக்கு அப்பால் உதவி மையத்துப் பெண்ணின் குரல்: "கவலைப்படாதீங்க சார், 'நாத்தனார்-மூன்று'ன்னு ஒண்ணு அனுப்பியிருக்கேன். போட்டதும் பேசும்!"

மேலாளர் அவளைக் கூப்பிட்டார். "இதை எத்தனை பேருக்கு அனுப்பின?"

"மெயில்ல வந்ததுதானே? முன்னூத்துப் பன்னிரண்டு பேருக்கு சார். எல்லாரும் வாழ்த்தினாங்க," என்றாள் பெருமையாக.

சட்ட ஆலோசகி கண்ணாடியைக் கழற்றினாள். "திருத்தம் இவங்க எழுதினது சார். இவங்க அனுமதி வாங்காம நாமதான் ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கோம்."

ஐயோ, மேலாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தொணதொணப்புக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அனுமதி தானே சார்? தாராளமா எடுத்துக்கங்க. நீங்களும் அதே மாதிரி தாராளமா கொடுத்துடுங்க."

மேலாளரும் சிரித்துவிட்டார். புதிய உரிமம் இருபத்தெட்டாம் தேதி வந்தது.

ஒன்றாம் தேதி காலை நாத்தனார் போன் செய்தாள். ஐந்து கணினிகளும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன. "கேக்குதா அண்ணி? கேக்குதா?"

தொணதொணப்பு ஒலியைக் கூட்டி, வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி போனைத் தூக்கிப் பிடித்தாள்.