மாமாவின் கடைசி இசைத்தட்டு

என் அம்மாவின் தம்பி ஆசை ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. போன வருடம் மாமா தன் மகனோடு போய்த் தங்குவதற்காக ஓசூருக்குக் கிளம்பியபோது, துணிமணியை ஒரு பையிலும் மருந்து மாத்திரைகளை இன்னொரு பையிலும் எடுத்துக்கொண்டு, தட்டுப் பெட்டியை மட்டும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் பெட்டியைப் பார்த்துத் துள்ளிக் குதித்தாள். அங்கே இப்போது இந்தக் கறுப்புத் தட்டுகளுக்குப் பெரிய மவுசாம். அடுத்த வாரமே ஒரு பிளேயரை வாங்கிவந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உறைகளைத் துடைத்து அடுக்கியவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, எல்லாமே எண்பதுகளோட நடுவு வரைக்கும் வந்த படமாவே இருக்கு? அதுக்கு அப்புறம் ஒண்ணுகூட இல்லையே?"

இதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு பதில் தயாராக உண்டு. கேசட் வந்துவிட்டது, அதற்கப்புறம் தட்டை எவன் வாங்குவான்? மாமாவைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். நானும் மகளிடம் இதையே சொல்லிவைத்தேன். அவள் நம்பிவிட்டாள். எனக்குத்தான் அன்று முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை.

அப்போது நாங்கள் தங்கச் சுரங்க ஊரில், ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்கான லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். ஒரே அறை, அதற்கு ஒரு சமையல் மூலை, மேலே தகரம். அதற்குள் அப்பா, அம்மா, நான், தம்பி, இன்னும் கல்யாணம் ஆகாத மாமா. இது போதாதென்று மாமாவின் பிளேயர் வேறு. மூடினால் சூட்கேஸ் மாதிரி இருக்கும், திறந்தால் பாடும். சம்பளம் வந்தால் மாமாவின் கூட்டாளிகள் சட்டை எடுப்பார்கள், இல்லையென்றால் சாராயக்கடைப் பக்கம் ஒதுங்குவார்கள். மாமா நேராக ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுப்படத் தட்டு ஒன்றை வாங்கி, சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு வருவார்.

தட்டு விஷயத்தில் மாமா பொல்லாதவர். சோப்புப் போட்டுக் கை கழுவினால்தான் உறையையே தொடலாம். பிளேயரை நாங்கள் தொடவே கூடாது, ஊசியின் பக்கம் மூச்சுக்கூட விடக்கூடாது. ஒரு தட்டை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போடுவார். எங்கள் ஊரில் பூமிக்கடியில் எப்போதும் வெடி வைத்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டுப் பாத்திரங்கள் லேசாகக் கிணுகிணுக்கும். ஊசி துள்ளாமலிருக்க, பிளேயருக்கு அடியில் கம்பளியை நான்காக மடித்துப் போட்டிருப்பார், ஊசித் தலையில் ஒரு பத்துப் பைசாவைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்.

அப்பாவுக்கோ பாட்டு என்றால் தூக்கத்தைக் கெடுக்கிற சமாசாரம், அவ்வளவுதான். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலில் படுத்தால் வீட்டில் கரண்டி விழுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது. ஆகவே அப்பா வீட்டில் இருந்தால் பாட்டு இல்லை. அப்பா பூமிக்கடியில் இருந்தால் பாட்டு உண்டு. இதில் நானும் தம்பியும் யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் பெரிய எதிர்பார்ப்போடு ஒரு படம் வந்தது. அதன் தட்டு காலை பஸ்ஸில் ராபர்ட்சன்பேட்டைக்கு வருகிறது, கொஞ்சம்தான் வரும், முதலில் வருகிறவருக்குத்தான் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். மாமாவுக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். அப்பாவுக்கு மதியத்துக்கு மேல். மாமா ஒரு நாள் முழுக்க அப்பாவின் பின்னாலேயே சுற்றினார்.

"மாமா, ஒரே ஒரு நாளு. என் ஷிப்டுல நீங்க எறங்குங்க, உங்க ஷிப்டுல நான் போறேன்."

"இன்னா மச்சான், ஒரு பாட்டுக்கா?" என்றார் அப்பா. ஆனாலும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

முறைப்படி ஷிப்ட் மாற்றக் கேட்டால் மேஸ்திரி, கிளார்க் என்று அலைய வேண்டும். அதனால் சத்தமில்லாமல் டோக்கனை மாற்றிக்கொண்டார்கள். கீழே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு பித்தளை டோக்கன் உண்டு. அதைக் கொடுத்தால்தான் தலையில் மாட்டும் விளக்கு கிடைக்கும். மேலே வந்து விளக்கைக் கொடுத்தால் டோக்கன் திரும்பக் கைக்கு வரும். ஒரு டோக்கன் ஆணியிலேயே தொங்குகிறது என்றால் அதற்குரிய ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். இருவருக்கும் ஒரே ஷாஃப்டில், அதாவது பூமிக்குள் இறங்கும் ஒரே குழியில், பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. யார் இறங்கினால் என்ன என்றுதான் இருவரும் நினைத்திருப்பார்கள். காலையில் மாமாவின் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்பா கிளம்பினார். மாமா கடைக்கு ஓடினார்.

தட்டு வந்தது. கை கழுவினோம். மாமா ஊசியை வைத்தார். இரண்டாவது பாட்டு பாதி போயிருக்கும், தரை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. வழக்கமான வெடி இல்லை. அடியில் எங்கோ பாறையே வெடித்துச் சரிகிற சத்தம். அலமாரியிலிருந்து சொம்பு உருண்டது. கம்பளியும் பத்துப் பைசாவும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊசி கிறீச்சென்று தட்டைக் கீறிக்கொண்டு போனது.

புதுத் தட்டு! எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா ஆனால் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லா வீட்டிலிருந்தும் பெண்கள் வாசலுக்கு வந்து ஷாஃப்ட் இருக்கிற திசையை அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே உயரத்தில் இருக்கிற சக்கரம் சுற்றினால்தான் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் ஓடுகிறது என்று தெரியும். சக்கரம் நின்றிருந்தது. பிறகு அபாயச் சங்கு ஊதியது.

அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள். மாமாவும் செருப்பை மாட்டினார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீ வராத. நீ அங்க வந்து நின்னா ரெண்டு பேர் வேலையும் பூடும். புள்ளைங்களப் பாத்துக்கோ."

அம்மா போனதும் மாமா கதவைச் சாத்தினார். அதே தட்டை மறுபடி போட்டார். சத்தத்தை முழுசாகத் திருப்பினார். தகரக் கூரையே பாடியது. கீறல் விழுந்த இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டு அரை வரியையே திரும்பத் திரும்பப் பாடும். மாமா விரலால் தட்டிவிடுவார், பாட்டு மேலே போகும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு ஒரு தடவை என்ற சட்டமெல்லாம் காற்றில் பறந்தது. எங்களுக்குத் திருவிழாதான். நானும் தம்பியும் பாயைச் சுருட்டிவிட்டு ஆட ஆரம்பித்தோம். சங்கு அதற்குப் பிறகும் ஊதிக்கொண்டே இருந்ததாம். நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் கேட்கக் கூடாது என்றுதான் அவர் அவ்வளவு சத்தமாக வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவை இடித்தார்கள். மாமா போய்த் திறந்தார். அடுத்த லைனில் இருக்கும் அவருடைய கூட்டாளி நின்றிருந்தார். அவர் மாமாவைப் பார்த்துவிட்டுப் பேயைப் பார்த்த மாதிரி இரண்டடி பின்னால் போனார்.

"டேய்... நீ இங்க கீற? உன் டோக்கன் ஆணியிலயே தொங்குதுன்னு அங்க எல்லாம் உன் பேரச் சொல்லி அழுதுகினு கீறாங்கடா!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமா வீட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார், இவர்கள் அவரைப் பூமிக்கடியில் தேடுகிறார்கள்! "எங்க மாமா இங்கதான் கீறாரு, இங்கதான் கீறாரு" என்று பாட்டோடு சேர்த்துப் பாடினேன். தம்பியும் பாடினான். அந்த டோக்கன் காலையில் யார் சட்டைப் பைக்குள் போனது என்பதை நான் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

மாமா வேலையைப் பற்றியெல்லாம் யோசிக்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். ஊசி கீறலில் மாட்டிக்கொண்டது. தட்டிவிட ஆள் இல்லை, நாங்கள் தொடக் கூடாது. அந்த அரை வரியே பொழுது சாயும்வரை பாடிக்கொண்டிருந்தது. நாங்களும் அலுக்காமல் ஆடினோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார்கள். நடுவில் அப்பா, ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் மாமா. அப்பாவின் தலைமுடியிலிருந்து கால்வரை கல்தூசி, நெற்றியில் ஒரு கட்டு. கீழே வழி அடைபட்டுப்போய், அடுத்த ஷாஃப்ட் பக்கமாகச் சுற்றிக்கொண்டு மேலே வந்தாராம். வாசலில் ஒரு நிமிடம் நின்று கேட்டார். பிறகு நேராகப் போய், அதுவரை தொட்டே பார்த்திராத அந்தப் பிளேயரின் ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தார். வீடு சட்டென்று அமைதியானது.

"இத்தினி நேரமும் இந்த அரை வரியேவா பாடிகினு கீறான்? பாவம், அவனுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

அம்மா சிரித்தாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமா தட்டைக் கையில் எடுத்தார். கீறலை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, தட்டை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். மாமா அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் எங்களுக்குச் செய்கிற மாதிரியே முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாதீங்க மாமா. நாளைக்கும் அப்பாவ அனுப்பிட்டு, நீங்க போய் வேற தட்டு வாங்கிகினு வாங்க."

அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மாமா அதற்குப் பிறகு ஒரு தட்டும் வாங்கவில்லை. நான் நல்ல யோசனைதானே சொன்னேன், ஏன் இவர் வாங்கப் போகவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு அவர்மேல் வருத்தமாக இருந்தது.