படி இல்லாத குளியலறை

தெருவில் அவளைக் கத்திரி என்றுதான் சொல்வார்கள். தையல் தொழில் ஒரு காரணம், வாய் இன்னொரு காரணம். புருஷன் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் படுத்துவிட்ட பிறகு, ஊர் ஊராய்ச் சுற்றிய மனுஷனுக்கு வாசல் நாற்காலியிலிருந்து குளியலறை போவதே நெடும்பயணமாகிவிட்டது.

குளியலறை வாசலில் ஒரு படி. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. அதில்தான் கால் தடுக்கி விழுந்தார். விழுந்த இடத்திலேயே வேட்டி நனைந்தது. அவள் வந்து தூக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அதற்குப் பிறகு ஒன்றுக்குப் போனால் எரிச்சல். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். நாற்காலிக்குப் பக்கத்தில் சொம்பு நிறைய வைத்தாள். காலியாகத்தான் திரும்பி வந்தது. எரிச்சல்தான் போகவில்லை. மறுபடி டாக்டர், மறுபடி மாத்திரை. அவளுக்கு மண்டை காய்ந்தது. அந்தப் படி இருக்கும்வரை இவர் தானாக எழுந்து போகமாட்டார், அடக்கிக்கொண்டுதான் உட்காருவார் என்பது மட்டும் புரிந்தது. குளியலறையை இடித்துக் கட்ட வேண்டும், படியே இல்லாமல் கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தாள்.

பிளம்பர் வந்தான். உட்காரும் கக்கூஸை உள்சுவர் ஓரமாக வைக்கச் சொன்னாள். அங்கேதான் சுவர் அவருடைய நல்ல கைப்பக்கம் வரும். பிளம்பர் தலையை ஆட்டவில்லை.

"அக்கா, தண்ணி சரிவு பாத்துதான் போகும். அந்தச் செவுத்துல இருந்து வெளியில இருக்கிற கழிவுத் தொட்டி ரொம்ப தூரம். தொட்டியக் கீழ எறக்க முடியாது, தரையத்தான் தூக்கணும். தூக்கினா மறுபடி படி வந்துரும்."

"படி வர்றதுன்னா நீ வராத தம்பி."

அவன் சிரித்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனான்.

அன்று மதியம் மிஷினை மூடிவிட்டு, கூடத்துத் தரையில் தையல் சாக்குக்கட்டியால் குளியலறையை நிஜ அளவுக்கே வரைந்தாள். கக்கூஸ், கைகழுவும் தொட்டி, குளிக்கும் முக்காலி எல்லாவற்றையும் காக்கித்தாளில் வெட்டினாள். துணி பற்றாவிட்டால் சட்டையைச் சிறுசாக்குகிறவள் இல்லை அவள். வெட்டிய தாளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து, இருக்கிற துணிக்குள் அடக்கிவிடுவாள். கக்கூஸ் தாளை வெளிச்சுவருக்கு நகர்த்தினாள். குழாய் தூரம் கைநீளமாகச் சுருங்கியது. புருஷனை அழைத்து வந்து அந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். அவருடைய வலது கை காற்றைத் துழாவியது.

"புடிக்க ஒன்னுமில்லயே."

தாளைத் திருப்பினாள், நாற்காலியையும் ஆளையும் சேர்த்துத் திருப்பினாள். இப்போது சுவர் வலப்பக்கம் வந்தது.

"இங்க ஒரு கம்பி போட்டா நானே எந்திரிச்சுருவேன்" என்றார்.

விழுந்த நாளிலிருந்து அவர் வாயில் 'நானே' வரவில்லை. அவள் அந்த இடத்தில் சாக்குக்கட்டியை அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

மறுநாள் பிளம்பர் கோடுகளைச் சுற்றி நடந்து பார்த்தான். இது சரி, படி வேண்டாம் என்று ஒப்புக்கொண்டான். "கீழ போறது முடிஞ்சுது. மேல போறதுதான் பாக்கி" என்றான்.

மேலே எது போகும் என்று கேட்டாள். காற்று என்றான். பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துக் காட்டினான். களக் களக் என்று திக்கித் திக்கி இறங்கியது. குழாயும் இப்படித்தான், காற்று வர மேலே வழி இல்லாவிட்டால், மாடியில் தண்ணீர் கொட்டும்போது, நாற்றத்தை மறித்து உங்கள் குழாய் வளைவில் நிற்கிற தண்ணீரை இழுத்துவிடும், அப்புறம் நாற்றம் நேராக வீட்டுக்குள் என்றான்.

அந்தக் களக் களக் சத்தம் அவளுக்குப் பழக்கம். மாடிக்காரி தன்னைச் சீண்டத்தான் குடம் குடமாகக் கொட்டுகிறாள் என்று இத்தனை காலமும் திட்டிக்கொண்டிருந்தாள். வெளியே போய் அண்ணாந்து பார்த்தார்கள். காற்று வரவேண்டிய குழாய் மாடி ஜன்னலோடு நின்றுபோயிருந்தது. அதன் வாயில் ஒரு பழைய அலுமினியச் சட்டி கவிழ்த்துக் கம்பியால் கட்டியிருந்தது.

மாடியில் இருப்பவள் ஓரகத்தி, புருஷனுடைய அண்ணன் மனைவி. மேலே காயப்போட்ட போர்வை சொட்டி, கீழே தைத்து வைத்த புதுச்சட்டை நனைந்த அன்று வாய்ச்சண்டை. அதோடு பேச்சு நின்றது. குழாயை மொட்டைமாடிக்கு மேலே ஏற்ற வேண்டும், சுவரும் மாடியும் அவர்களுடையது. நான் போய்க் கேட்கட்டுமா என்றான் பிளம்பர். என் புருஷனுக்கு வேண்டியதை நான்தான் கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

ஓரகத்தி கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை.

"அந்தச் சட்டிய எடுக்கணும்க்கா."

"எடுத்தா உங்க வீட்டு நாத்தம் என் அடுப்படிக்குள்ள வரும். அதுக்குத்தான கவுத்து வெச்சேன்."

"அதுல பாதி உங்க வீட்டு நாத்தம். ரெண்டையும் சேத்து மொட்டமாடிக்கு மேல அனுப்பிருவோம்."

ஓரகத்தியின் உதடு கொஞ்சம் கோணியது. ஆனாலும் இறங்கி வரவில்லை. வேறு வழியில்லாமல் இவள் எல்லாவற்றையும் கொட்டினாள். படி, விழுந்தது, எரிச்சல், இத்தனை தண்ணீர் குடித்தும் தீராதது. ஓரகத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குடிக்கிறாருன்னு யாரு சொன்னா? நீ மிஷின்ல உக்காந்ததும் சொம்ப அந்தச் செம்பருத்திக்கு ஊத்திடுறாரு. தெனமும் இந்த ஜன்னல்ல நின்னு பாக்குறேன்."

இவள் எட்டிப் பார்த்தாள். நாற்காலிக்குப் பக்கத்துத் தொட்டியில் செம்பருத்தி காடாக மண்டிக் கிடந்தது. தன் கைராசி என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்ட செடி.

"பாத்துட்டு ஏங்க்கா சொல்லல?"

"நீதான் பேசமாட்டியே."

கத்திரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இப்ப பேசிட்டேன்ல. எடுக்கவா?"

"ஜன்னலுக்கு நேரா வேணாம், ஓரமாக் கொண்டு போகச் சொல்லு. சட்டிய நானே எடுத்துக்குறேன். அது என் சட்டி."

கீழே வந்தவள் செடியைப் பற்றிப் புருஷனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் மனுஷன் வெட்கத்தில் சுருண்டுவிடுவார். கோபத்தையெல்லாம் வேலையில் காட்டினாள். தண்ணீர் வெளியே வராமல் இருக்கட்டும் என்று கொத்தனார் வாசலில் விரல் உயரத்துக்கு மேடு விட்டார். நின்று உடைக்கவைத்தாள். பக்கெட் தண்ணீரைக் கொட்டினாள், அது வாசல் பக்கமே திரும்பாமல் மூலைக்கு ஓடியது. குழாய் மொட்டைமாடிக்கு மேலே ஏறியதும், மாடியில் தண்ணீர் கொட்டச் சொல்லிக் கீழே காதை வைத்தாள். சத்தமில்லை.

முதல் நாள் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அவள் மிஷினில் காலை வைத்தபடி மிதிக்காமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தவர், சொம்பு எங்கே என்று கேட்டார்.

அந்த வாரமே செம்பருத்தி தலை தொங்கியது. யார் கண் பட்டதோ என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மாடி ஜன்னலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும், பாவம். ஆனால் அன்றைக்கு அவள் ஊற்றவில்லை. ஒரு நாள் வாடட்டும், கண்ணாரப் பார்த்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டாள்.