ஆடி மாத ரொக்கெட்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு விஷயத்தை முழுதாகக் கேட்காமலே அதை ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிற முட்டாள்தனம் எனக்கு ஒன்பது வயதிலேயே முற்றிவிட்டது. இன்றைக்கும் குணமாகவில்லை. வயது போனதால் அதற்கு அனுபவம் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்பது வயதில் நான் செய்தது சாதாரண முட்டாள்தனம் அல்ல. பறக்கவே போகாத ஒரு ரொக்கெட் பறப்பதைப் பார்க்க வரும்படி வகுப்பில் பாதிப் பேரை அழைத்துவிட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னிக்கு மேற்கே, வெஸ்ட்மீட்டில், ஃபைப்ரோ என்கிற சீமெந்துத் தகடு அடித்த ஒரு வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. தமிழில் நாலு வார்த்தை கதைக்க இன்னொரு வீடு வேண்டுமென்றால் ரயில் ஏற வேண்டும். அப்பாவுக்கு நகரத்தில் ஒரு கந்தோரில் மேசை வேலை. அப்பாவின் தம்பியான சித்தப்பா ஓர் இரும்புப் பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டு எங்கள் கராஜை ஒட்டிய அறையில் குடியிருந்தார். அக்காவுக்குப் பதினாறு வயது. அடுத்த வருடம் என்ன பாடங்கள் எடுப்பது என்பதுதான் அவளுக்கும் அப்பாவுக்கும் இடையே ஓயாத வழக்கு. அப்பாவின் கண்ணில் அவள் ஏற்கெனவே டொக்டர். படிப்பு மட்டும்தான் பாக்கி. அக்காவோ எஞ்சினியராக வேண்டும் என்றாள்.

ரொக்கெட் அக்காவுடையது. அவளுடைய விஞ்ஞான ஆசிரியர், வாரக்கடைசிகளில் ரொக்கெட் செய்து பறக்கவிடும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர்கள் விட்டதெல்லாம் முழங்கை நீள ரொக்கெட்டுகள். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்த அக்கா, இதைவிடப் பெரிதாகச் செய்யலாம் என்று சித்தப்பாவிடம் சொன்னாள். சித்தப்பா எதையும் ஏன் என்று கேட்கிற ஆளில்லை. எவ்வளவு பெரிதாக என்று மட்டும் கேட்டார்.

கம்பளக் கடையின் பின்புறத்தில் எறிந்து கிடந்த, கம்பளம் சுற்றி வருகிற தடித்த மட்டைக் குழாய் அதன் உடம்பானது. காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற, யாரோ கழித்துவிட்ட கரவனின் அலுமினியத் தகட்டில் வால் செட்டைகளை வெட்டினார்கள். கூரான மூக்கைச் சித்தப்பா மரத்தில் கடைந்து கொண்டுவந்தார். நிமிர்த்தினால் அப்பாவைவிட உயரம். செட்டைகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசும் வேலை எனக்கு. பூசினேன். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு நாய்க்கும் பூசினேன்.

எஞ்சின் தனி. அது என் நெஞ்சளவு உயரமான இரும்புக் குழாய். ஒரு முனை அடைப்பு. மறுமுனையில் நெருப்பு பாய்ந்து வெளியேற ஒரு சிறு வாய். குழாய் எவ்வளவு தடிப்பு, வாய் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அக்காவின் கணக்கு. தடிப்புக் குறைந்தால் வெடிக்கும். கூடினால் பாரம் தாங்காமல் ரொக்கெட் எழும்பாது. உள்ளே அடைத்த மருந்தை ஆசிரியரின் கண்காணிப்பில் எங்கேயோ வைத்துக் கலந்தார்கள். எதை எதோடு கலந்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொல்வதும் வானொலியில் சொல்வதும் ஒன்று என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பற்ற வைப்பதற்கு ஒரு கார் பட்டரியும் நீண்ட வயரும் எங்கள் வாசல் மணியின் பொத்தானும். அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள்.

ஆசிரியரின் கூட்டத்தில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. பெரிய எஞ்சினை முதலில் தரையில் கட்டிவைத்து எரித்துக் காட்ட வேண்டும். அது தாங்கினால்தான் பறக்கவிடுகிற பேச்சு.

இதைக் கேட்ட அன்றைக்குத்தான் அப்பா சாப்பாட்டு மேசையில் தன் தீர்ப்பைச் சொன்னார்.

"உந்தக் குழாய் வெடிச்சுதெண்டா நீ டொக்டருக்குப் படிக்கிறாய். வெடிக்காட்டி நான் பிறகு வாய் திறக்க மாட்டன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "வெடிக்காது," என்றாள். சித்தப்பா மட்டும், குழாயை ஒட்டினது தான்தான் என்பதாலோ என்னவோ, அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

அடுத்த சிக்கல் அம்மாவிடமிருந்து வந்தது. கோடையில் காய்ந்த புல்லில் பொறி விழக் கூடாதென்று எதையும் கொளுத்த அரசாங்கம் விடாது. மிஞ்சியது குளிர்காலம். இந்த நாட்டில் நல்ல குளிர்காலம் என்றால் ஆடி மாதம். ஆடியில் அம்மா விடமாட்டார்.

"ஆடிக்குள்ளை ஒண்டையும் வெளிக்கிடுத்தக் கூடாது."

"அண்ணி, இது வெளிக்கிடவே இல்லை," என்றார் சித்தப்பா. "கட்டிப்போட்டுத்தான் கொளுத்தப் போறம். ஓர் அங்குலம் அசைஞ்சாலும் என்னைப் பேசுங்கோ."

அம்மா யோசித்தார். ஆடியில் எதுவும் புறப்படக் கூடாதென்றுதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். புறப்படாமல் நின்ற இடத்திலேயே நின்று எரிவதற்கு எதிராக அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அனுமதி கிடைத்தது.

இத்தனை பேச்சும் நடந்தபோது நான் அதே மேசையில்தான் இருந்தேன். ஆடிக்கூழில் கிடந்த தேங்காய்ச் சொட்டுகளைத் தேடிப் பொறுக்குவதில் மும்முரமாக இருந்ததால் என் காதில் விழுந்தவை மூன்றே சொற்கள்: ரொக்கெட், சனிக்கிழமை, கொளுத்துவது. எனக்கு அவை போதுமாக இருந்தன.

மனிதன் சந்திரனில் கால் வைத்த சூடு ஆறாத காலம் அது. வகுப்பில் என் பெயரை ஒருவரும் கடைசி எழுத்துவரை சொல்லி முடித்ததில்லை. அப்படிப்பட்டவன் வீட்டில் ரொக்கெட் என்றதும் கெவின் தன் வாங்கிலிருந்து எழும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கெவின் எங்கே உட்காருகிறானோ அங்கேதான் வகுப்பும் உட்காரும். நான் பூரித்துப் போனேன். முதல் நாள் ரொக்கெட் மரங்களைத் தாண்டும் என்றேன். மறுநாள் முகிலைத் தாண்டியது. வெள்ளிக்கிழமைக்குள் அது சந்திரனுக்குப் பக்கத்தால் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பாவிடம் இடத்தைக் கேட்டுவந்து, பார்க்க வரும்படி வகுப்பில் பாதிப் பேருக்குச் சொல்லியும்விட்டேன். கெவின் என் பக்கத்தில் தொடர்ந்து உட்காருவது இனி அந்த ரொக்கெட்டின் கையில் இருந்தது.

ஆசிரியருக்குக் குவேக்கர்ஸ் ஹில் பக்கம் ஒரு புல்வெளியும் நாலு மாடும் இருந்தன. சனிக்கிழமை காலை அங்கே போய் இறங்கியபோது புல்லெல்லாம் உறைபனி. அம்மா வரவில்லை, ஆடிக்குக் கொடுத்த மரியாதை. கார் நின்றதும் அக்கா இறங்கி ஒரு மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். கொழுக்கட்டை அதிகம் தின்றுவிட்டாள் என்று நான் ஆசிரியருக்கு விளக்கம் சொன்னேன்.

பிறகுதான் கவனித்தேன். ரொக்கெட் வரவில்லை. என் சிவப்புச் செட்டைகள் கராஜில் கிடந்தன. காரின் பின்பெட்டியிலிருந்து இறங்கியது அந்த இரும்புக் குழாய் மட்டும். அதையும் சித்தப்பா செய்த இரும்புச் சட்டத்துக்குள் தலைகீழாக, நெருப்பு வாய் வானத்தைப் பார்க்க, நிறுத்திச் சங்கிலியால் கட்டினார்கள். அடியில் கோழித்தீன் மூட்டை நிறுக்கிற வட்டத் தராசு. எஞ்சின் எவ்வளவு பலமாகக் கீழே அழுத்துகிறது என்று தராசின் முள் காட்டும்.

"சித்தப்பா, தலைகீழா வச்சிட்டீங்கள்!"

"மற்றப் பக்கம் வச்சா பறந்திடுமடா தம்பி."

"பறக்கத்தானே வேணும்?"

சித்தப்பா என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்த நேரத்தில்தான் புல்வெளி வாசலில் ஒரு யூட், பின்புறம் திறந்த சிறு லொறி, வந்து நின்றது. கெவினின் அப்பா ஓட்டிவந்தார். பின்னால் ஏழெட்டுப் பையன்கள். ஒருவன் கையில் தொலைநோக்கி, சந்திரன்வரை பார்ப்பதற்கு.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றும் வரைந்து காட்டுவேன். ஆசிரியர் எல்லோரையும் மண்மூட்டைகளுக்குப் பின்னால், வெகு தூரத்தில் நிறுத்தினார். கெவின் குழாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஏன் தலைகீழாக நிற்கிறது என்று கேட்டான்.

ஆபத்து வந்தால் சிலருக்குக் கால் வேலை செய்யும், எனக்கு வாய். இது எங்கள் நாட்டுக்குப் போகிற ரொக்கெட், எங்கள் நாடு பூமிக்கு அடுத்த பக்கம், குறுக்கு வழியாகப் போவதற்காகக் கீழ்நோக்கி வைத்திருக்கிறார்கள் என்றேன். கெவின் சற்று யோசித்துவிட்டு, மறுபக்கத்தில் யாருடைய வீட்டுக்குள்ளால் வெளியே வரும் என்று கேட்டான். பாவம், நல்ல பையன்.

அக்கா எங்களுக்கு முன்னால், தனியாக ஒரு மூட்டைச் சுவருக்குப் பின்னால் முழந்தாளிட்டிருந்தாள். தராசு முள்ளைத் தொலைநோக்கியால் பார்ப்பது அவள் பொறுப்பு. எல்லாம் தயாரானதும் அப்பா எங்கள் கூட்டத்தை விட்டு நடந்து போனார். அவளுக்கு முன்னால், குழாய்க்கும் அவளுக்கும் நடுவே, தன் கந்தோர்க் கோட்டோடு நின்றுகொண்டார்.

"அப்பா, முள்ளுத் தெரியேல்லை!" என்று அக்கா கத்தினாள்.

அப்பா கொஞ்சம் சரிந்தார். விலகவில்லை.

"அப்பா, மறைக்காதேங்கோ!" நானும் கத்தினேன். இத்தனை பேர் ரொக்கெட் பார்க்க வந்திருக்க, ஒரு மனிதர் தன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது எனக்கு வெட்கமாக இருந்தது. மூட்டைக்குப் பின்னால் வரும்படி ஆசிரியர் இரண்டு தடவை கூப்பிட்டார். கடைசியில் அப்பா பின்னால் வந்து அக்காவின் பக்கத்தில் குந்தினார். அப்போதும் அவருடைய ஒரு தோள் அவளுக்கு முன்னால்தான் இருந்தது.

சித்தப்பா எண்ணத் தொடங்கினார். ஐந்து, நாலு, மூன்று, இரண்டு என்று இறங்கிவந்தவர், "லாபம்!" என்று கத்தினார். எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவார்கள். பழக்கதோஷத்தில் அவர் அதிலே போய் முடித்தார். மணிப் பொத்தானை அழுத்தினார்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு குழாயின் வாயிலிருந்து நெருப்பு ஒரு மரம்போல் நிமிர்ந்து எழுந்தது. அந்தச் சத்தத்தை நான் காதால் கேட்டதாக ஞாபகம் இல்லை, வயிற்றால்தான் கேட்டேன். தூரத்து யூகலிப்டஸ் மரங்களிலிருந்த வெள்ளைக் கொக்கற்றூக் கிளிகள் எல்லாம் ஒரே துணியாக எழும்பின. மாடுகள் வேலிக்கு ஓடின. சட்டம் நடுங்கியது, சங்கிலி பாடியது. அத்தனைக்கும் நடுவில் அக்காவின் குரல், தராசு முள் காட்டிய எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. அது அழுகிற குரல் போலவும் இருந்தது, பாடம் சொல்லுகிற குரல் போலவும் இருந்தது.

நெருப்பு சுருங்கி நின்றது. புகை காற்றோடு போனது. குழாய் நின்ற இடத்திலேயே நின்றது. அம்மாவின் நிபந்தனைப்படி ஓர் அங்குலமும் அசையவில்லை.

சித்தப்பா துள்ளிக் குதித்தார். ஆசிரியர் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தார். என் பக்கத்துப் பையன்கள் இன்னும் வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்திரன் பார்க்கத் தொலைநோக்கி கொண்டுவந்த பையன், அவ்வளவுதானா என்று கேட்டான். ஏழெட்டு முகங்களும் என் பக்கம் திரும்பின.

"அந்தப் பக்கத்தில் விசா கொடுக்கவில்லை," என்றேன்.

முதலில் சிரித்தது கெவினின் அப்பா. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கெவின் புல்லில் விழுந்து புரண்டான். வாழ்க்கையில் ஒரு கூட்டத்தை நான் சிரிக்க வைத்தது அதுதான் முதல் தடவை. அதன் ருசி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால் வந்த நட்டங்களைப் பற்றி என் மனைவியிடம் கேட்கலாம்.

சிரிப்புக்கு நடுவில் நான் பார்த்தும் பாராமல் விட்டது ஒன்று உண்டு. ஆசிரியர் சைகை காட்டியதும் அப்பா தனியாகக் குழாயிடம் போனார். அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து, ஒட்டிய இடமெல்லாம் மூக்குக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்து, "ஒரு கீறலும் இல்லை," என்று அக்காவிடம் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்தார். புகைதான் காரணம் என்று நினைத்தேன். அக்கா இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டாள். அதற்கு என்னிடம் குளிர் இருந்தது. அன்றைக்கு எதற்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

திரும்பும்போது சித்தப்பா கார் ஓட்டினார். அப்பா முன்னால். பின்னால் நானும் அக்காவும், எங்களுக்கு நடுவில் சாக்கில் சுற்றிய குழாய், இன்னும் இளஞ்சூடாக. அவள் அதன்மேல் ஒரு கையை வைத்திருந்தாள். குளிருக்கு இதம் என்று நானும் வைத்தேன், தட்டிவிட்டாள்.

கார் பெருந்தெருவுக்கு ஏறியது. பிறகு அப்பா திரும்பாமலே கேட்டார்.

"உதுக்குப் பெரிய கணக்குப் பாடமும் எடுக்கோணுமோ பிள்ளை?"

"ஓம் அப்பா."

"அப்ப எடு."

சித்தப்பா சீட்டியடிக்கத் தொடங்கினார். பாடங்களைப் பற்றிய பேச்சு எனக்கு எப்போதும் நித்திரை மருந்து. என் மனமெல்லாம் திங்கட்கிழமையில் இருந்தது. சிரித்த கெவின் அன்றைக்கும் சிரிப்பானா, அல்லது தன் பழைய வாங்குக்கே போய்விடுவானா? அக்காவைப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல், வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு குழாயைக் கட்டிவைத்து எரித்ததில் இப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"என்னத்துக்குச் சிரிக்கிறாய்? அது ஒரு இடமும் போகேல்லையே!"

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நான் போறன்."