மூச்சு விட்ட பாட்டில்கள்

எங்கள் வீட்டில் பினாயில் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. மாமா வாங்க விட்டதில்லை. அம்மாவுக்குத் தம்பியான அவர் சிங்காநல்லூரில் ஒரு மோட்டார் பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். குடியிருந்தது இரண்டு தெரு தள்ளி. ஆனாலும் சாயங்காலம் பட்டறை விட்டதும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். வரும்போது பையில் ஏதாவது குப்பை இருக்கும். அதைக் குப்பை என்று சொன்னால் முகம் சுண்டிப் போய்விடும். தேங்காய் நாரில் பாத்திரம் தேய்க்கப் பிரி செய்து கொடுத்தார். பூந்திக்கொட்டையை ஊறவைத்துத் துணி துவைக்கச் சொன்னார். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, அடுக்களை ஆணியில் ஒன்று மாட்டிவைத்தார். இறுகிப்போன மூடியில் அதைச் சுற்றித் திருகினால் கை வழுக்காது; இறுக்கி மூடவும் அதுவேதான். ஊறுகாய் பாட்டிலும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

"காசு குடுத்து வாங்கறதெல்லாம் கைச்சோம்பலுக்குத்தானுங்க மச்சான்" என்று அப்பாவிடம் சொல்வார். அப்பா செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் "செரி மாப்ள" என்பார்.

மாமாவின் பெரிய சாதனை தோல் தண்ணீர். ஜூஸ் கடையில் வீசும் எலுமிச்சைத் தோலையும் சாத்துக்குடித் தோலையும் வாங்கி வந்து, வெல்லமும் தண்ணீரும் சேர்த்துக் காலி கூல் டிரிங்ஸ் பாட்டில்களில் அடைத்து, பின்னறை ஜன்னலில் வரிசையாக வைப்பார். மூன்று மாதம் ஊறினால் தரை துடைக்க, கறை எடுக்க, எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ஆனால் முதல் சில வாரங்களுக்கு உள்ளே வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். தினமும் மூடியைத் திறந்து விடாவிட்டால் பாட்டில் வெடித்துவிடும். அந்த வேலையை மாமா எனக்குக் கொடுத்திருந்தார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

பள்ளி விட்டு வந்ததும் பின்னறைக்குத்தான் ஓடுவேன். மேற்கு வெயில் பாட்டில்கள் வழியாக வந்து சுவரெல்லாம் தேன் நிறத்தில் அசையும். பாட்டிலில் காதை வைத்தால் உள்ளே யாரோ மெல்லப் பேசிக்கொண்டிருப்பார்கள். மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு வரும். நான் பள்ளியில் இருக்கும் நேரமெல்லாம் அவை மூச்சைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கின்றன என்று நம்பினேன். அன்றைக்கு யார் அடி வாங்கினார்கள், யார் அழுதார்கள் என்று ஒவ்வொரு பாட்டிலிடமும் சொல்வேன். சொல்லிக்கொண்டே அந்தப் புளிப்பும் இனிப்புமான வாசனையில் அப்படியே தூங்கியும் போவேன். இன்றைக்கும் யாராவது சாத்துக்குடி உரித்தால் எனக்குக் கண் செருகுகிறது.

அந்த அறையில்தான் சித்தியும் படிப்பாள். அம்மாவின் கடைசித் தங்கை. அவர்களுடைய பெற்றோர் காலமான பிறகு எங்களோடு இருந்து நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடம். தன் புது ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் வைப்பாள். "பாரு கண்ணு, நல்லா மூச்சு உடுது. இது பொழைச்சுக்கும்" என்பாள். எனக்குச் சித்தி ஏற்கனவே நர்ஸ்தான்.

அப்போதுதான் சோமனூரிலிருந்து ஒரு வரன் வந்தது. தறிக்கூடம் வைத்திருக்கிற குடும்பம். தையிலேயே கல்யாணம் வேண்டும், படிப்பை நிறுத்திவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கு ஏகத்துக்கும் பிடித்துப்போய்விட்டது.

சாப்பிடும்போது சித்தி ஒரே ஒரு தடவை கேட்டாள். "படிப்பு முடியட்டுமுங்களே மச்சான்."

"நல்ல எடம் அம்மணி. உன்ற சம்பளத்துலதான் அவங்க சோறு திங்கோணுமா?" என்றார் அப்பா.

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவும் அங்கேதான் இருந்தார். ஊரிலுள்ள குப்பைக்கெல்லாம் ஞாயம் பேசுகிறவர், அப்பா கல்யாணப் பேச்செடுத்தால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். சித்தி அவரைப் பார்த்தாள். அவர் ரசத்துக்குக் கை நீட்டினார்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, இந்தக் கண்றாவியை அவர்கள் பார்க்கக் கூடாது என்று அம்மா பாட்டில்களை முன்னறை அட்டாலிக்கு ஏற்றச் சொன்னாள். சித்தியே முக்காலி போட்டு ஏறி, அவற்றைப் பரணில் அடுக்கித் திரையை இழுத்துவிட்டாள். நான் கீழே நின்று, மூடியை யார் திறப்பது என்று கேட்டேன்.

"நா தொறந்துக்கறேன் கண்ணு. நீ ஏறி உழுந்து வெக்காத."

எனக்கு அழுகையாக வந்தது. அந்த இரண்டு நாளும் திரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பேச்சே இல்லை. தூங்குகின்றன போலிருக்கிறது என்று நானும் சத்தம் போடாமல் நடந்தேன்.

அந்த நாளும் வந்தது. காலையில் அம்மா விருந்துக்கு ஊறுகாய் பாட்டிலைத் திறக்க டியூப் பட்டையைத் தேடினாள். ஆணியில் இல்லை. திட்டிக்கொண்டே முந்தானையால் திருகித் திறந்தாள்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் பெரியப்பாவும் வந்து அமர்ந்தார்கள். அப்பாவும் மாமாவும் எதிரே உட்கார்ந்தார்கள். சித்தி காப்பி கொடுத்துவிட்டு அடுக்களை வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்துத் தொண்டையைச் செருமினார். "அப்பறம், தையிலயே வெச்சுக்கலாமுங்களா?"

அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். அட்டாலியில் வேட்டுப் போட்டது போல் ஒரு சத்தம். அதற்குப் பதில் சொல்வது போல் இன்னொன்று. திரை பிய்ந்து விழுந்தது. பழுப்புத் தண்ணீர் பெரியப்பாவின் வெள்ளை வேட்டியில் கொட்டியது, ஒரு சாத்துக்குடித் தோல் அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனிதர்தான், பாவம். அவருடைய அம்மா பார்த்த பார்வையில் அதுவும் நின்றது.

அந்த அம்மா எழுந்துவிட்டார். "பேச்செடுத்த வாய் மூடறதுக்குள்ள இப்பிடி ஆயிப்போச்சுங்க. சகுனஞ் செரியில்லீங்க. பொறகு பாக்கலாமுங்க."

அந்தப் 'பொறகு' எப்போதும் வராது என்று அங்கிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வண்டி கிளம்பும் சத்தம் அடங்கியதும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"மூடியத் தொறந்து உடறது யாரு வேலை?"

நான் அட்டாலிக்குக் கீழே போய்ச் சுவரோடு ஒட்டி நின்றேன். சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. ஏதோ சொல்ல ஓரடி முன்னால் வந்தாள். மாமா அதற்குள் முக்காலியில் ஏறி, மிச்சப் பாட்டில்களை இறக்கப் போயிருந்தார். ஒரு மூடியைத் திருகிப் பார்த்தார். பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டுகிற கை, ஆனால் மூடி அசையவில்லை. அட்டாலிக்குள் கையை விட்டுத் துழாவினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

பிறகு இறங்கி வந்து, "நாந்தானுங்க மச்சான் மறந்துபோட்டேன். புள்ளைய ஒண்ணுஞ் சொல்லாதீங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திறக்கிற வேலை மாமாவுடையதே இல்லை. தன் தோல் தண்ணீரைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னாலும் மல்லுக்கு நிற்கிறவர், அப்பா திட்டிய திட்டையெல்லாம் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். அப்பா பல மாதம் அவரோடு பேசவில்லை. பாட்டில்கள் சாக்குப் பையில் ஏறி மாமா வீட்டுக்குப் போயின. எனக்கு அந்தத் துக்கம்தான் பெரிதாக இருந்தது.

வெல்லத் தண்ணீர் என்பதால் எத்தனை முறை துடைத்தும் முன்னறைக்கு எறும்பு வந்துகொண்டே இருந்தது. எறும்பைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா மாமாவைத் திட்டினார். சித்தி படிப்பை முடித்தாள். நர்ஸ் ஆனாள். தனக்குப் பிடித்த காலத்தில், பிடித்தவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். அந்தக் கல்யாணப் பந்தலில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் மாமா.

அன்று மாமா முக்காலியிலிருந்து இறங்கும்போது அவர் கையில் இருந்ததை, கீழே ஒட்டி நின்ற நான் மட்டும் பார்த்தேன். அடுக்களையில் காணாமல் போன டியூப் பட்டை. மாமா சித்தியைப் பார்த்தார். சித்தி தரையைப் பார்த்தாள். அவர் அதை நான்காக மடித்து, யாருக்கும் தெரியாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இவ்வளவு களேபரத்திலும் ஒரு துண்டு டியூபை வீணாக்க மாமாவுக்கு மனசு வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.