பூஜைக்கு வைத்த ஸ்பேனர்

என் வீட்டுக்காரர் தாணுமாலயனுக்குக் காதுதான் பெரிய உபத்திரவம். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் என்னோடு நின்றுகொண்டிருப்பார். யாரோ ஒருவன் காரை ஒடித்துத் திருப்புவான். உடனே இவர் ஓடிப்போய் கண்ணாடியைத் தட்டி, இடது பக்கத்து ஆக்சிலில் சத்தம் கேட்கிறது, இப்படியே ஓட்டாதே என்று மலையாளத்தில் கெஞ்சுவார். சிலர் கும்பிட்டு நன்றி சொல்வார்கள். சிலர் பைத்தியம் என்று முனகிவிட்டுப் போவார்கள். அதற்குள் எங்கள் பஸ் போய்விடும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

கோட்டாறில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ஆரியசாலையில் ஒரு வற்றல் மல்லி மொத்தக்கடைக்குப் பில் எழுத வந்தார். இன்றைக்கும் அதே கடைதான், அதே மிளகாய் நெடிதான். உட்கார்ந்து எழுதுகிற மனுஷனுக்கு வண்டி ரிப்பேரில் அப்படி என்ன ஆசையோ! கரமனையில் எங்கள் வீட்டு முற்றம் எப்போதும் கிரீஸும் ஓயிலுமாகக் கிடக்கும். எங்கள் ஒரே மகன் வினீத்துக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தபோது பழைய வெள்ளைக் கார் ஒன்று வாங்கினார். அதை ஒரு நாளும் ஒர்க்‌ஷாப்பில் விட்டதில்லை. கேட்டால், "அவனுவளுக்கு அது ஒரு நம்பர். எனக்கு அதுல எம் பிள்ள போறான்" என்பார்.

போன வருஷம் பூஜை விடுமுறைக்கு முன்னால் அந்தக் காரில் சத்தம் கிளம்பியது. திருப்பினால் டக் டக். குழியில் இறங்கினால் தடாலென்று ஒரு இடி. அப்பாவும் மகனும் தெருவில் நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, இடது முன்சக்கரத்தில் அதைச் சுழற்றுகிற ஆக்சிலும் போச்சு, சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்மும் போச்சு என்று தீர்ப்புச் சொன்னார்கள். துர்காஷ்டமி அன்றைக்கு இவர் தனியாக உட்கார்ந்தார். ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, பழைய ஆர்மை அடித்து இளக்கி, ஆக்சிலை உருவினார். கியர் ஓயில் வடிவதற்கு என் அரிசி களைகிற சட்டியை எடுத்து வைத்திருந்தார். கண்டபடி திட்டினேன். சிரித்துக்கொண்டே புதிய ஆக்சிலைத் தள்ளிப் பொருத்தினார்.

சாயங்காலம் எல்லாம் மாட்டி முடித்தார். ஒரே ஒரு நட்டுதான் பாக்கி. சக்கரத்தின் நடுவில் ஆக்சில் நுனியில் வருகிற பெரிய நட்டு. சக்கரம் தரையில் ஊன்றிய பிறகுதான் அதை முழுப் பலத்தோடு முறுக்க வேண்டும். முறுக்கிவிட்டு அதன் விளிம்பை உளியால் அடித்து ஆக்சிலின் பள்ளத்துக்குள் நசுக்க வேண்டும். இல்லையென்றால் ஓட ஓட இளகும். இதை நூறு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த நட்டைக் கையால் திருகி வைத்திருந்த நேரத்தில்தான் நான் பூஜைக்கு விரிக்கிற சிவப்புப் பட்டோடு வாசலில் போய் நின்றேன்.

"முடிஞ்சுதா? அந்தி ஆயிட்டு. பூஜைக்கு வைக்கணும்."

"ஒரு நட்டு பாக்கி, ஏட்டி."

"தசமி காலையில முறுக்குங்க. தேவி காத்துக்கிட்டு நிக்கமாட்டா."

எங்கள் வீட்டில் அது கண்டிப்பு. அஷ்டமி அந்தியில் புத்தகம், பேனா, ஆயுதம் எல்லாம் சரஸ்வதி முன்னால் வைத்தால், தசமி காலையில் பூஜை முடித்து எடுக்கிறவரைக்கும் யாரும் தொடக்கூடாது. இவர் அந்த இரண்டு நாளும் பேப்பர்கூடப் படிக்கமாட்டார். என் பேச்சைக் கேட்டு ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவித் தந்தார். "ரெண்டு நாள் வண்டிய யாரும் எடுக்காண்டாம், வினீத்துகிட்டச் சொல்லு" என்றார். மழைத் தண்ணீர் இறங்காமலிருக்கச் சக்கரத்தின் நடு மூடியையும் அடித்து மாட்டிவிட்டார். பார்க்கிறவனுக்கு வேலை முடிந்தமாதிரியே இருந்தது.

நான் ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அந்தப் பெரிய நட்டை முறுக்குகிற சாக்கெட் ஸ்பேனருக்கு வாய் அகலம். அதன் விளிம்பு முழுக்கத் தாராளமாக அப்பினேன்.

மறுநாள் நவமி. இவர் கடை பூஜைக்கு ஆரியசாலைக்குப் போய்விட்டார். வெளியே மழை. வினீத் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு சாவியைத் தேடினான். ஆபீசில் ஏதோ அவசரம்.

"வண்டிய எடுக்காத மக்களே. ஒரு நட்டு முறுக்கலையாம். அப்பா சொல்லீட்டுப் போனாவ."

"ஆக்சில் நட்டா? அஞ்சு நிமிஷம் போதும்மா. ஸ்பேனர எடுத்துத் தா."

"பூஜைக்கு வச்சத எடுக்கப்பிடாதுலே. ஓட்டோ புடிச்சுப் போ."

"இந்த மழையில ஓட்டோ எங்க கிட்டும்? ஒரு ஸ்பேனர்தானே. தேவிக்கு ஒண்ணும் தோணாது."

"அதுல கை வச்சே, கைய ஒடிச்சுப்போடுவேன்!"

சிரித்தான். சரி சரி என்று தலையை ஆட்டினான். நான் குடையை எடுத்துக்கொண்டு பகவதி கோயிலுக்குப் போனேன். பாயசத்தோடு திரும்பி வந்தபோது முற்றத்தில் கார் இல்லை. பூஜையறைக் கதவு நான் சாத்தின மாதிரியே சாத்தியிருந்தது. பாவி, முறுக்காமலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்தேன். போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.

பைபாஸில் கார் நடுச்சுவரில் மோதிக் கவிழ்ந்து கிடந்தது. நாய் குறுக்கே ஓடியது என்றார் ஒருவர். அதற்கு முன்பே முன்சக்கரம் ஆடியது என்றார் இன்னொருவர். மோதலில் இடது சக்கரம் உள்ளே மடங்கிப்போனதால் எது முதலில் நடந்தது என்று சொல்ல முடியாது என்று வண்டியைச் சோதித்த அதிகாரி எழுதினார். வினீத்தின் உடலைக் கொண்டுவந்தபோது வலது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கையை நான் பார்க்கவில்லை. பூஜையறையைப் பதினாறு நாள் யாரும் திறக்கவில்லை. பிறகு நாத்தனார் எல்லாவற்றையும் பட்டோடு சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள்.

இவர் என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். "அவன்கிட்டச் சொன்னியா?"

"நான் கோயிலுக்குப் போயிருந்தேன். அவன் எடுத்ததே எனக்குத் தெரியாது" என்றேன்.

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. "மூடிய மாட்டுனது நான், நேருல சொல்லாமப் போனதும் நான்" என்று அன்றைக்கு அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வாயைத் திறக்கவில்லை.

போலீஸ் காரை விட்டபோது அதை முற்றத்திலேயே கொண்டுவந்து போட்டோம். நீலத் தார்ப்பாய் மூடி ஒரு வருஷம் கிடந்தது. தினமும் அஞ்சு மணிக்கு, வெயில் அதை விட்டு இறங்குகிற நேரத்தில், இடது சக்கரத்திலிருந்து டக் என்று ஒரு சத்தம் வரும். ஒரே ஒரு தடவை. இவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டியா?" என்பார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பேன். கேட்கும். அடுக்களையில் தேங்காய் துருவினாலும் கேட்கும், குழாயைத் திறந்துவிட்டாலும் கேட்கும். என் பிள்ளை கதவைத் தட்டுகிற மாதிரியே கேட்கும்.

நட்டு இளகியதா இல்லையா என்பது அந்த மூடிக்கு உள்ளே இருந்தது. உள்ளங்கை அகல மூடி. ஒரு நெம்பு நெம்பினால் போதும். இவர் பல தடவை திருப்புளியோடு போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் நான் ஓடிப்போய், "வேண்டாங்க, பாத்து என்ன ஆவப்போவுது" என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவேன். என்மேல் எவ்வளவு கருணை என்று அவர் நினைத்திருப்பார். எனக்கல்லவா பயம்!

இந்த வருஷம் அஷ்டமிக்கு இரண்டு நாள் முன்னால் பழைய இரும்பு எடுக்கிற பிபின் வண்டியோடு வந்தான். நான்தான் சொல்லி வரவழைத்தேன். அந்தக் கார் தொலைந்தால் சத்தமும் தொலையும் என்று நினைத்தேன்.

"சாரே, எடுக்கட்டே?" என்றான்.

"ஒரு நிமிஷம் இருப்பா" என்று இவர் திருப்புளியோடு இடது சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். "இன்னைக்குத் தடுக்காத, பொன்னம்மே. பாக்காம அனுப்புனா நான் செத்தாலும் இது கேட்டுக்கிட்டே கெடக்கும்."

அஞ்சு மணி. டக்.

"கேட்டியா?"

"கேட்டுது" என்றேன். "தெனமும் கேக்கும்."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் அடக்க முடியவில்லை. பிபின் நிற்கிறான் என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வினீத்துக்குத் தெரியும், ஸ்பேனர் கேட்டான், நான்தான் கொடுக்கவில்லை, கையை ஒடிப்பேன் என்றேன், கடைசியாகச் சொன்னது அதுதான் என்று சொன்னேன்.

"ஒரு வருஷம், ஏட்டி" என்றார். "நான் சொல்லாமப் போனதாலதான் எம் பிள்ள செத்தான்னு ஒரு வருஷமா வெந்துக்கிட்டு இருந்தேன். நீ அதப் பாத்துக்கிட்டே எனக்குச் சோறு போட்டிருக்க."

அடிக்கட்டும் என்று நின்றேன். அவர் அடிக்கவில்லை. திரும்பி மூடியை நெம்பினார். அது கழன்று தரையில் உருண்டது.

உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு விரலால் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"இஞ்ச வா."

குனிந்து பார்த்தேன். நட்டின் விளிம்பு இரண்டு இடத்தில் உளியால் நசுக்கப்பட்டு, ஆக்சிலின் பள்ளத்துக்குள் கடித்துப் பிடித்திருந்தது. நட்டின் மூலைகளில் மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்து கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் சிவப்பு. நான் வைத்த சந்தனம். நான் வைத்த குங்குமம்.

"முறுக்கியிருக்கான்" என்றார். "நான் ஒரு எடத்துலதான் நசுக்குவேன். பய ரெண்டு எடத்துல நசுக்கியிருக்கான். இது அசையவே இல்ல, பொன்னம்மே."

நான் கோயிலுக்குப் போன அந்தக் கொஞ்ச நேரத்தில் எடுத்திருக்கிறான். முறுக்கிவிட்டு, எல்லாவற்றையும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்து, நான் சாத்தின மாதிரியே கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான். எல்லாம் எனக்குப் பயந்து.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டயரை இரண்டு கையாலும் அடித்தேன். இவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை.

"கள்ளப்பயலே! எடுத்துட்டேம்மான்னு ஒரு வார்த்த சொல்லீட்டுப் போயிருக்கப்பிடாதாலே?"